பசுவின் பங்கை மீனுக்குக் கொடுக்கலாமா?

குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் தீவன விலையில்தான் வந்து நிற்கும். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் என் சித்தப்பா மகன் திலேப்பியா வளர்க்கிறான். அவனோடு இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவன மூட்டைக்கே போய்விடுகிறது. அதனால் அங்கே அடிக்கடி ஒரு யோசனை எழும். நம் மாவட்டத்தில் எண்ணெய் மில், அரிசி மில், அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை), மரச்சீனி விளை (மரவள்ளித் தோட்டம்) என்று எத்தனை இருக்கின்றன, அங்கெல்லாம் மிஞ்சுகிற தாவரப் பொருளை மீனுக்குத் தீவனமாக்கினால் என்ன? யாரும் மறுத்துப் பேசிக் கேட்டதில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது, இன்றும் படுகிறது. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதிப் பார்த்தாலாவது தெளிவு வருமா என்றுதான் இந்தப் பதிவு.

யோசனை ஏன் நல்லது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பு மீனின் தீவனத்தில் புரதத்துக்காக மீன்மாவு, அதாவது கடல் மீனைக் காயவைத்து அரைத்த மாவு, சேர்ப்பார்கள். ஒரு கிலோ மீன்மாவு செய்ய நாலு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சாளை (மத்தி மீன்) குவிந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வலிக்கும். எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் இல்லாத வாரம் கிடையாது. ஏழை வீட்டுக்குக் கையில் இருக்கிற காசுக்குக் கிடைத்த மீன் அது. அதே மீன் லாரியில் ஏறி, காய்ந்து, அரைபட்டு, வேறொரு மீனின் வாய்க்குப் போகிறது. கேரளக் கரையில் 2012ல் சுமார் 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021ல் கிடைத்தது 3,500 டன்னுக்கும் குறைவு. கடல் சூடானது, குஞ்சு மீனை அள்ளியது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. மீன்மாவு ஆலைகள் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. ஆனால் இப்படி ஏறி இறங்குகிற ஒரு மீனை நம்பித் தீவனத் தொழில் நடத்த முடியாது என்பது மட்டும் தெளிவு. இன்னொரு பக்கம் மீன் வளர்ப்பு வளர்ந்துகொண்டே போகிறது. 2022ல் உலகத்தில் வளர்த்து எடுத்த மீனும் இறாலும் சேர்ந்து 9.44 கோடி டன், பிடித்தது 9.1 கோடி டன். வளர்ப்பு பிடிப்பை முந்தியது அதுவே முதல் முறை.

தம்பி வாங்குகிற மூட்டையில் மீன்மாவு கொஞ்சம்தான் இருக்கும். திலேப்பியா, கெண்டை வகைகளுக்கு அது போதும். விரால், கொடுவாய், வன்னாமி இறால் தீவனங்களில்தான் அதிகம். அப்படியானால் அவன் மூட்டையில் புரதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கிலிருந்து. அதுவும் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான். மத்தியப் பிரதேசத்திலோ மகாராஷ்டிராவிலோ விளைந்து, ஆலையில் எண்ணெய் கொடுத்து, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாயும் ஒரு குளம் வரை வந்து சேர்கிறது. தாவர மிச்சத்தில் மீன் வளர்ப்பது ஏற்கெனவே நடக்கிற காரியம்தான். அதில் என்ன நெருக்கடி வரும் என்பதும் 2021ல் தெரிந்துவிட்டது. சோயாப் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, கோழிப் பண்ணைகள் தவித்து, 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. கோழி, மாடு, மீன், இறால் எல்லாம் ஒரே புண்ணாக்குக்குக் கை நீட்டுகின்றன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டிய விஷயம், ஒரு எண்ணெய் மில் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

புண்ணாக்குக்கு நின்ற அம்மா

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கொப்பரை மில். தேங்காய்ப் புண்ணாக்கு மொத்தமாகக் கிடைக்குமா, என்ன விலை என்று விசாரிக்கத் தம்பியும் நானும் போயிருந்தோம். 2025ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போயிருந்த சமயம். கொப்பரை வரத்து குறைந்து மில்லில் அரவையும் குறைந்திருந்தது. வாசலில் ஐந்தாறு பேர் சாக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மில்காரர் எங்களிடம், "மொத்தமா எடுக்கதுன்னா எனக்கு எளுப்பம், சில்லறையா நிறுத்துக் குடுக்க ஆளு இல்ல" என்றார். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, "எதுக்கு மக்கா இம்புட்டு?" என்றார். மீனுக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோபம் இல்லாமல், உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்பது போலக் கேட்டார்: "நீங்க எல்லாத்தையும் எடுத்துட்டா எனக்க பசுவுக்கு நான் என்னத்த குடுக்க?"

என்னிடம் பதில் இல்லை. தம்பி ஏதோ சொல்லிச் சமாளித்தான். அந்த அம்மாவிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது என்று தானாகவே சொன்னார். புண்ணாக்கு ஒரு வாரம் இல்லாவிட்டால் பால் இறங்கிவிடும், கொழுப்பு குறையும், சொசைட்டியில் விலையைக் குறைத்துவிடுவார்கள். அன்றைக்கு நாங்கள் புண்ணாக்கு வாங்கவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது தம்பி, "அண்ணா, அவங்க கேட்டது நியாயந்தான். ஆனா நமக்கும் பிழைப்பு இருக்குல்லா" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயமும் ஒரே சாக்குக்குள் அடங்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிப் படிக்கவும் தெரிந்தவர்களிடம் கேட்கவும் தொடங்கினேன். அந்த அம்மாவின் கேள்விக்குப் பின்னால் உடற்கூறும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் புரதத்தில் அவசியம் இருக்க வேண்டிய லைசின், மெத்தியோனின் என்கிற இரண்டு அமினோ அமிலங்களும் அதில் குறைவு. நார்ச்சத்து அதிகம், மாவுப் பொருளிலும் பெரும் பகுதி எளிதில் செரிக்காத வகை. பசுவுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. அதன் முதல் இரைப்பையில் இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிரிகள் நாரையும் உடைக்கும், மட்டமான புரதத்தைத் தின்று நல்ல புரதமாகத் தங்கள் உடம்பில் சேர்க்கும். பிறகு பசு அந்த நுண்ணுயிரிகளையே செரித்துக்கொள்ளும். மீனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. கெண்டைக்கு வயிறு என்று தனியாகவே இல்லை. திலேப்பியாவின் குடல் நீளம், தாவரத்தைக் கொஞ்சம் நன்றாகவே செரிக்கும், ஆனாலும் லைசின் தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். ஆக, அதே ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கைத் திலேப்பியாவை விட அந்த அம்மாவின் பசு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த அம்மா வரிசையில் முன்னால் நின்றது எல்லா வகையிலும் சரி.

அன்றிலிருந்து எந்த மிச்சப் பொருளைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இதை இப்போது யார் தின்கிறார்கள் என்பதுதான். மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சுற்று பார்த்தேன். தவிடு மாட்டுக்கும் கெண்டைக்கும் காலம் காலமாகப் போகிறது, அதில் புதிதாக எடுக்க ஒன்றும் இல்லை. மரச்சீனித் தோலை உலர்த்தி ஆட்டுக்குப் போடுகிறார்கள், அதில் புரதமும் சொற்பம். அண்டி ஆபீஸில் ஓடு எண்ணெய்க்கும் அடுப்புக்கும் போகிறது. அந்த ஓட்டு எண்ணெய் கையில் பட்டாலே பொத்துப் போகும், மீன் பக்கம் கொண்டு போகவே கூடாது. பருப்பின் மேல் ஒட்டியிருக்கிற சிவந்த தோலில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம், அது புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்க விடாது. உடைந்த பருப்பையோ மனிதர்களே தின்கிறோம். இதற்கிடையில் தீவனம் கட்டுப்படியாகாத சிலர் கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகக் குளத்தில் கொட்டுகிறார்கள். அந்த நாற்றத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைத் தீவனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரப்பர் மூட்டில் (மரத்தடியில்) கிடப்பது

யாரும் தின்னாதது, யாரும் வரிசையில் நிற்காதது ஒன்று மலையடிவாரம் முழுக்கக் கிடக்கிறது: ரப்பர் கொட்டை. ஆடி, ஆவணியில் ரப்பர் விளைக்குள் நின்றால் காய் வெடிக்கிற சத்தம் டப் டப்பென்று கேட்கும். முக்கால்வாசி ஆண்டு நாம் ரப்பர் மரத்தைப் பற்றிப் பாலும் சீட்டும் (பாலை உறையவைத்து உலர்த்திய தகடு) ஒட்டுப்பாலுமாகத்தான் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால்) பேசுகிறோம். விறகு, பலகை, தேன் எல்லாம் அப்புறம்தான். கொட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சின்ன வயதில் நாங்கள் பொறுக்கிச் சாக்கில் சேர்த்து வைப்போம், சைக்கிளில் ஒரு வியாபாரி வந்து எடுத்துப் போவார். சோப்புக்கும் பெயிண்டுக்கும் எண்ணெய் எடுக்க என்று சொல்வார். நாற்றுப் போடவும் கொஞ்சம் போகும். எங்கள் பக்கம் அந்த வியாபாரிகள் வருவது நின்று பல காலம் ஆகிறது. இப்போது கொட்டை விழுகிறது, மழையில் ஊறுகிறது, முளைக்கிறது, களையோடு வெட்டுப்படுகிறது.

இந்தியாவில் ஒரு ஹெக்டேர் ரப்பர் தோட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ கொட்டை கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. மழைக்காலத்தில் இலையும் காயும் அழுகுகிற நோய் வந்துவிட்டால் இதில் பெரிய பங்கு போய்விடும். கொட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி ஓடு, பாதி பருப்பு. பருப்பில் 40 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் புரதம் 25 முதல் 30 சதவீதம், அதாவது தேங்காய்ப் புண்ணாக்கை விட மேல். அந்த எண்ணெயிலும் ஒரு நல்ல குணம் உண்டு. லினோலெனிக் அமிலம் அதில் கணிசமாக இருக்கிறது. ஒமேகா 3 குடும்பத்தின் அடிப்படைக் கொழுப்பு அது. நன்னீர் மீன்களால் அதை எடுத்து, தங்களுக்கு வேண்டிய நீளமான கொழுப்பு அமிலங்களை ஓரளவு தாங்களே செய்துகொள்ள முடியும். கடல் மீன்களுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. புண்ணாக்கில் மிஞ்சுகிற கொஞ்சம் எண்ணெயும் குளத்து மீனுக்கு வீண் போகாது.

இவ்வளவு நல்லது ஏன் இப்படிக் கிடக்கிறது என்றால், அதில் நஞ்சு இருக்கிறது. ரப்பர் கொட்டையை மாடு தின்றால் சாகும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது வெறும் பயமுறுத்தல் இல்லை. பருப்பில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. பருப்பு நசுங்கியதும் அதிலேயே இருக்கிற ஒரு நொதி அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளியே விடும். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் இதே லினமாரின்தான் மரச்சீனியிலும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் எந்த அடுக்களையில் கேட்டாலும் கிழங்கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள்: தோலை உரி, நறுக்கு, நிறைய வெள்ளம் வைத்து வேகவிடு, அந்த வெள்ளத்தை வடித்துக் கொட்டு. ஏன் என்று வேதியியல் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் மரச்சீனியைப் பரப்பினார். 1942ல் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது இந்த நாட்டு ஜனங்களின் வயிற்றைக் காத்ததில் அந்தக் கிழங்குக்குப் பெரிய பங்கு உண்டு. நஞ்சுள்ள ஒரு கிழங்கைச் சோறாக்கிக்கொண்ட ஊருக்கு ரப்பர் கொட்டையைப் பார்த்து மிரள வேண்டிய அவசியம் இல்லை என்பது என் அழுத்தமான எண்ணம்.

வழியும் ஏறக்குறைய அதேதான். கொட்டையை ஓட்டோடு சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்தாலே சயனைடு பெருமளவு குறைந்துவிடும். பிறகு பருப்பை ஊறவைத்து வெள்ளத்தை மாற்ற வேண்டும், மூடாமல் வேகவைத்து உலர்த்த வேண்டும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிற பொருள் என்பதால் சூடு பட்டால் போய்விடும். அதனால்தான் இதைக் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்ய வேண்டும், பூட்டிய அறைக்குள் கூடாது. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று மீனுக்கு நல்லதாகிவிடாது என்பது குளத்துக்காரர்களுக்குத் தெரியும். இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டுத்தானே மீன்குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கிற வேண்டாத மீன்களைக் கொல்கிறார்கள்? புண்ணாக்கிலேயே உயிர் கொடுப்பதும் உண்டு, எடுப்பதும் உண்டு.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது படித்த ஒரு விஷயம் என்னைப் பல நாள் விடவில்லை. ரப்பரின் தாய்நாடு அமேசான் காடு. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் பல மீட்டர் ஆழத்துக்கு வெள்ளம் நிற்கும். அப்போது தம்பாக்கி என்கிற பெரிய மீன் மரங்களுக்கு இடையே நீந்தி வரும். ரப்பர் காய் வெடித்துக் கொட்டை தண்ணீரில் விழும். தம்பாக்கி அதைக் கடைவாய்ப் பற்கள் போன்ற தன் உறுதியான பற்களால் உடைத்துத் தின்னும். அதன் முக்கியமான உணவுகளில் ரப்பர் கொட்டையும் ஒன்று. 1876ல் ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுபோன விதைகளின் வழியாகத்தான் ஆசியாவுக்கு ரப்பர் வந்தது. மரம் இங்கே வந்தது, கொட்டையைத் தின்கிற மீன் வரவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த மீனின் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் குளங்களில் இருக்கிறது. நட்டர் என்றும் ரூப்சந்த் என்றும் சொல்கிறோமே, அதுதான். அதுவும் அமேசான் பக்கத்து மீன், அதற்கும் அதே மாதிரிப் பற்கள். கரையில் ரப்பர் மரம், குளத்துக்குள் நட்டர், இரண்டுக்கும் நடுவில் பத்தடி தூரம். அங்கே நட்டர் மூட்டைத் தீவனம் தின்கிறது, கொட்டை மண்ணில் மக்குகிறது. இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தம்பியின் குளத்தில் ஒரு வலைக்கூண்டு

கொட்டையைப் பொறுக்கி, மச்சில் பரப்பிப் பொங்கல் கழியும் வரை வைத்திருந்தோம். ஓடு உடைத்து, ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்தும் வேலையில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். பருப்பு நன்றாகத்தான் வந்தது. எண்ணெய் எடுக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. சமையல் எண்ணெய் ஆட்டுகிற எந்த மில்காரரும் ரப்பர் கொட்டையைத் தன் இயந்திரத்தில் விட மாட்டார். அது சரியும்கூட. கடைசியில் சோப்பு எண்ணெய்க்கு ஆட்டித் தருகிற ஒரு பழைய எக்ஸ்பெல்லரைக் கண்டுபிடித்தோம். இலுப்பையோ வேப்பங்கொட்டையோ ஆட்டிய மிச்சம் உள்ளே இருந்தால் எங்கள் மீனுக்கு அது ஆபத்து. அதைச் சொல்லி, கழற்றித் துடைத்த பிறகுதான் பருப்பைப் போட விட்டோம்.

புண்ணாக்கில் சயனைடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. பிக்ரேட் தோய்த்த மஞ்சள் தாளை, ஈரமாக்கிய மாவு இருக்கும் குப்பிக்குள் தொங்கவிட்டு மூடிவைத்தால், சயனைடு இருக்கிற அளவுக்குத் தாள் செம்பழுப்பாக மாறும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கிற பொருள் என்பதால் இதை வீட்டில் செய்யக் கூடாது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற ஒரு நண்பர் தன் ஆய்வுக்கூடத்தில் செய்து தந்தார். வெறும் கொட்டை இருந்த குப்பியில் தாள் செங்கல் நிறத்துக்குப் போனது. வேகவைத்த பருப்பின் புண்ணாக்கு இருந்த குப்பியில் மஞ்சள் அப்படியே இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் தவிடு, கொஞ்சம் சோயா, தாது உப்பு, ஐந்தில் ஒரு பங்கு ரப்பர் கொட்டைப் புண்ணாக்கு எல்லாம் கலந்து, வேகவைத்த மரச்சீனி மாவில் பிசைந்து, இடியாப்ப உரலில் பிழிந்து வெயிலில் காயப்போட்டோம். தம்பி குளத்தின் ஒரு மூலையில் ஹாப்பா என்கிற வலைக்கூண்டு கட்டி அதில் கொஞ்சம் திலேப்பியாவை விட்டான். நட்டர் குஞ்சு அப்போது கிடைக்கவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் மீன்கள் வாயில் வாங்கித் துப்பின. திலேப்பியா புதுத் தீவனத்துக்கு எப்போதும் அப்படித்தான். பிறகு தின்னத் தொடங்கின. சாவு விழவில்லை. வளர்ச்சி மூட்டைத் தீவனம் தின்ற மீனை விடச் சற்றுப் பின்தங்கியிருந்தது, பார்த்தாலே தெரிந்தது. ஒரு கூண்டை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் மலேசியா, இந்தோனேசியா, நைஜீரியா போன்ற ரப்பர் விளையும் நாடுகளில் கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. நஞ்சு நீக்கிய புண்ணாக்கைத் தீவனத்தில் 20 சதவீதம் வரை தைரியமாகச் சேர்க்கலாம், அதைத் தாண்டிப் போகப்போக வளர்ச்சி குறையும்.

அதற்குக் காரணம் சயனைடு மட்டும் இல்லை. இங்கேயும் லைசினும் மெத்தியோனினும் குறைவு. அதோடு ஃபைட்டேட் என்று ஒன்று எல்லா விதைகளிலும் உண்டு. விதை தன் பாஸ்பரஸை அதில்தான் பூட்டி வைக்கிறது. மீனின் குடலில் அந்தப் பூட்டைத் திறக்கிற நொதி கிடையாது. பாஸ்பரஸ் உடம்பில் சேராமல் எச்சத்தோடு குளத்தில் இறங்கும். தண்ணீர் பச்சையாகும், பாசி பெருகும், விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். நம் ஊரில் குளம் என்பது மீனுக்கு மட்டும் ஆனதில்லை. வயலுக்குப் பாய்கிறது, மாடு குடிக்கிறது, ஜனங்கள் குளிக்கிறார்கள். அதனால் அந்தப் பூட்டைத் திறக்கிற ஃபைட்டேஸ் நொதியைச் சேர்ப்பதோ, ஈஸ்ட் போன்ற நுண்ணுயிரிகளைக் கொண்டு புண்ணாக்கைப் புளிக்க வைத்துக் கொடுப்பதோ ஆடம்பரமான வேலை இல்லை, கட்டாயம் செய்ய வேண்டியது. புளிக்க வைத்தால் ஃபைட்டேட்டும் குறையும், நாரும் இளகும், மிச்சம் மீதி சயனைடும் போகும். இட்லி மாவு தினமும் பொங்குகிற வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமாகவும் இருக்காது.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. ஈரத்தில் எந்தப் புண்ணாக்கும் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்ஸின் என்கிற நஞ்சு வரும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் அதைக் கண்டுபிடித்தது. காரணம் பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பூத்துப்போன புண்ணாக்கை வாங்கிப் போடுகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். மாட்டுக்கும் கூடாது, மீனுக்கும் கூடாது. ரப்பர் கொட்டை விழுவதும் மழையோடு சேர்ந்தே நடக்கிறது என்பதால் உலர்த்துவதுதான் இதில் ஆகக் கடினமான கட்டம். ஆனால் அதற்கான இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரப்பர் சீட்டு உலர்த்துகிற புகைப்புரை மலையோரத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. மழை நாளில் பால் வெட்டு நிற்கும்போது அவை சும்மாதான் கிடக்கின்றன.

கணக்கும் கூலியும்

ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல ஆண்டில் 300 கிலோ கொட்டை. ஓடு போக 150 கிலோ பருப்பு. எண்ணெய் போகச் சுமார் 90 கிலோ புண்ணாக்கு. அதை ஐந்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 450 கிலோ தீவனம். ஒன்றரைக் கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ மீன் என்று வைத்தால் 300 கிலோ மீன். மிச்ச நாலு பங்குக்குத் தவிடும் சோயாவும் வேண்டும்தான், ரப்பர் கொட்டை ஒன்றே குளத்தைக் காப்பாற்றிவிடாது. ஆனால் அந்த ஒரு பங்கு எந்தப் பசுவின் வாயிலிருந்தும் பிடுங்கியதாக இருக்காது, எந்தக் கடலிலிருந்தும் அள்ளியதாகவும் இருக்காது. எண்ணெய்க்கு வருகிற காசு தனி.

மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் என்கிற அமெரிக்கர் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு யாரும் இந்த மாவட்டம் தேனுக்குப் பெயர் வாங்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு நம் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்துத் தேன். பூவிலிருந்துகூட இல்லை, தளிர் இலைக் காம்பில் கசிகிற இனிப்பிலிருந்து வருகிறது. அந்த இனிப்பும் யாரும் கவனிக்காமல் காய்ந்து போய்க்கொண்டிருந்ததுதான். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள், பெட்டி கிடைத்தது, வாங்க ஒரு சங்கம் வந்தது. கொட்டைக்கும் அதே மூன்றும் வேண்டும். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நஞ்சு அளவையும் புரத அளவையும் சோதித்து இது மீனுக்கு ஆகும் என்று ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் போதும், குளத்துக்காரர்களுக்குத் தைரியம் வந்துவிடும். சீட்டு ரப்பரை வாங்கிச் சேர்க்கிற ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களே கொட்டையையும் வாங்கலாம்.

வருகிற ஆடிக்குப் பக்கத்து விளைக்காரர்கள் சிலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். விளைக்குள் கொட்டை பொறுக்கப் போவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பால் வெட்டு இல்லாமல் மழைக்காலத்தில் வீட்டில் இருக்கிற பெண்கள்தான். அவர்களுக்குக் கிலோவுக்கு என்ன கொடுப்பது என்பதில் தம்பிக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. மூட்டைத் தீவனத்தை விட ஒரு ரூபாயாவது குறைவாக வந்தால்தான் மற்ற குளத்துக்காரர்கள் வருவார்கள் என்று அவன் அங்கிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போடுகிறான். நான் கூலியிலிருந்து மேல்நோக்கிப் போடச் சொல்கிறேன். அட்டைக்கடி பட்டு, குனிந்த இடுப்போடு ஒரு பெண் ஒரு நாள் பொறுக்குகிற கொட்டைக்கு நூறு நாள் வேலையின் கூலியாவது வர வேண்டும். அந்த விலையில் தீவனம் கட்டுப்படியாகவில்லை என்றால் எண்ணெய் விற்ற காசை அதில் சேர்க்க வேண்டும், அதுவும் பற்றாவிட்டால் அரசிடம் மானியம் கேட்க வேண்டும். தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. ஆடிக்கு முன்னால் இதை முடித்தாக வேண்டும் என்று மட்டும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.